கலியாணத்தைப் பூட்டி வைத்த டிஸ்கட்டுகள்

கொம்பியூட்டர் வேலை என்பது, வேறொருவன் அழித்ததற்கு நாங்கள் பேச்சு வாங்குகிற வேலை. வற்றாப்பளை அம்மன் அறிய, என் தலையில் மிச்சம் நிற்கிற நாலு மயிர் அறிய, நான் இங்கே சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதில் ஒரு எழுத்துப் பொய் என்று யாராவது காட்டினால், கொக்கிளாய்க் களப்புத் தண்ணீர் முழுவதையும் நின்ற நிலையில் குடித்து, அடியில் கிடக்கிற இறாலைப் பொறுக்கி அவர் கையில் கொடுக்கிறேன். உரத்துத்தான் சொல்லுகிறேன். மெல்லச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். வேலை செய்கிற இடத்து மெசினில் உங்கள் சொந்தச் சாமான் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். ஒரு பிரதி வேறு எடுத்து வைத்துவிட்டு, இனி என்ன பயம் என்று படுத்திருப்பீர்கள். ஒரு நாள் ஒருவன் வருவான். மெசினைப் புதுசாக்கித் தாறன் என்பான். புதுசாக்கியும் தருவான். பிறகு உங்கள் பிரதி உங்கள் கையில் இருக்கும். அதைத் திறக்கிற வழி மட்டும் உலகத்தில் இருக்காது. அப்படி வயிறெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல அல்ல. சேர்ந்திருந்து திட்ட.

எண்ணெய் குடித்துவிட்டு முழிக்கிற மெசின்

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, எங்கள் நிவாரணக் கந்தோர், அதுதான் ஆபீஸ், புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டில் ஒதுங்கியிருந்த காலம். கிணறு வெட்டுவதும் மலசலகூடம் கட்டுவதும் கந்தோரின் வேலை. தமிழும் இங்கிலீசும் ரைப் அடிக்கத் தெரிந்த கிழவன் என்பதற்காக என்னைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினார்கள். கரண்ட் என்பது வன்னிக்குள் பழங்கதை. ஜெனரேற்றருக்கு ஒரு மூடி பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டு, அது உறுமத் தொடங்கினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். புகை குசினிப் பக்கத்தால் வந்து என் மூக்குக்குள் குடியிருக்கும். ஜெனரேற்றர் இருமினால் திரை சுருங்கும். அது தும்மினால் நான் அடித்த அறிக்கை பரலோகம் போகும்.

கந்தோருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவர் மாரிமுத்து. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். வயல் செய்வார், வயல் இல்லாத நாளில் தன் லாண்ட்மாஸ்ரரில், அதுதான் அந்த இரண்டு சில்லு உழவு மெசினில், பெட்டி பூட்டித் தண்ணீர் ஏற்றுவார். தண்ணீர்ப் பரலை இறக்கிவிட்டு யன்னலால் எட்டிப் பார்ப்பார். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு திரையோடு சண்டை பிடிப்பதைக் கொஞ்ச நாள் பார்த்தார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்:

"ஐயா, எந்த மெசினு எண்ணெ குடிச்சாலும் ஒண்ணு உழுவும், இல்லாட்டி தண்ணி இறைக்கும். இது குடிச்சிட்டு சும்மா முழிச்சிக்கிட்டு இருக்குதுங்களே."

றோல் தாங்காத அழகு

என் ஒரே மகள் சுபாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை மோகன் ஜேர்மனியில் வேலை. லீவு எடுத்து, உள்ளே வர அனுமதிப் பாஸ் எடுத்து, வியர்த்து விறுவிறுத்து வன்னிக்குள் வந்து, எங்கள் வளவுப் பந்தலில் தாலி கட்டிவிட்டு, லீவு முடிகிறது என்று மறுபடி ஓடினவர். மகளை அங்கே கூப்பிடுவதற்கு ஜேர்மன் எம்பசியில் கலியாணப் படம் காட்டவேண்டும். அதனால் படம் மிக முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும், படம் பிடித்தவரைத் தவிர.

எங்களூர் ஸ்ரூடியோக்காரரிடம் இருந்தது காலாவதியான பிலிம் றோல். புது றோல் வன்னிக்குள் வருவதில்லை. அவர் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கிறேன். கழுவி எடுத்துப் பார்த்தால் எல்லாப் படமும் தயிர்ச் சட்டிக்குள் விழுந்தது போல் வெள்ளை. தெய்வாதீனமாக, எங்கள் கந்தோரில் கிணறு வெட்டுவிக்க வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியரிடம் ஒரு கமரா இருந்தது. அது றோல் கேட்காது; டிஸ்கட் தின்னும். கொம்பியூட்டருக்குப் போடுகிற அதே சதுர டிஸ்கட்டை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு படத்தை அதிலே எழுதும். அந்த மனிதன் கலியாணத்தன்று வேட்டி அவிழ அவிழ முழுவதையும் எடுத்திருந்தான். நான் படங்களைக் கந்தோர் மெசினுக்குள் ஏற்றிக்கொண்டு, டிஸ்கட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அவற்றை அழித்துக் கிணறுகளைப் படம் எடுத்தான். டிஸ்கட் அப்போது தங்கம். பிறகு ஒப்பந்தம் முடிந்து தன் நாட்டுக்கும் போய்விட்டான். ஆக, என் மகளின் கலியாணம் உலகத்திலே ஒரே ஒரு மெசினுக்குள்தான் இருந்தது.

ஸ்ரூடியோக்காரரைச் சந்தியில் மறித்து, நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அந்த மனிதன் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை:

"அண்ணை, என்னைப் பேசி என்ன செய்ய. பொம்பிளையும் மாப்பிள்ளையும் நல்ல சிவப்பு, என்ர றோல் தாங்கேல்லை."

கிணறு என்ற பெயரில் ஒரு பந்தல்

படம் மெசினில் இருக்கிறது என்று தெரிந்ததும் கந்தோர்க்காரர் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து குந்திவிடுவார்கள். தாலி கட்டுகிற படத்தைத் திரும்பக் காட்டு, மாப்பிள்ளைத் தோழன் முழிக்கிறதைப் பெருப்பித்துக் காட்டு என்று ஒரே கரைச்சல். ஒரு நாள் அறிக்கை அடிக்க வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுக்க என் சம்பந்தி வீட்டார் சோறு தின்கிற படத்திலேயே எரிந்து முடிந்துவிட்டது. மனேஜர் வந்து பார்த்தார். சொந்தச் சாமான் ஒன்றும் மெசினில் இருக்கக்கூடாது, இன்றைக்கே எடுத்துவிடவேண்டும் என்று கட்டளை.

எடுத்தேன். என் சொந்த டிஸ்கட்டுகள் ஒரு கட்டு எடுத்து, அவற்றில் மெசினோடு வந்த பிரதி எடுக்கிற புரோகிராமால், படங்களை நெருக்கி மடித்து, இரகசியச் சொல் ஒன்று போட்டுப் பூட்டினேன். அந்தப் புரோகிராம் ஒரு மூட்டைக்காரன். பெரிய சாமானைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு டிஸ்கட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, எது எங்கே இருக்கிறது என்ற விபரத்தைக் கடைசி டிஸ்கட்டில் எழுதிவிடும். அவிழ்க்கவும் அவனே வரவேண்டும். இரகசியச் சொல் என்ன என்று கேட்காதேங்கோ. இதை என் மனைவி வாசிப்பாள். எதற்கும் ஒரு காப்பாக மெசினிலும் ஒரு பிரதியை விட்டு, அதற்குக் 'கிணறு' என்று பெயர் வைத்தேன். கிணறு வெட்டுகிற கந்தோரில் கிணற்றை யார் எட்டிப் பார்க்கப்போகிறான். மனேஜர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது இது:

"நமசிவாயம் அண்ணை, இது கந்தோர். கலியாண மண்டபம் இல்லை."

கொழும்பு வைத்தியர்

மெசினுக்குக் காய்ச்சல் வந்தது. எழுத்துக்கள் தாங்களாகவே திரையிலிருந்து உதிர்ந்து, மாரியில் முருங்கைப் பூக் கொட்டினது போல அடியில் குவிந்தன. வைரஸ் என்றார்கள். கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து நிரோஷன் என்று ஒரு தம்பியை அனுப்பினார்கள். அவன் மிக மரியாதையான பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு கள்ளனாகவோ முரடனாகவோ இருந்திருந்தால் வாயாரத் திட்டியிருப்பேன். இவன் எனக்குத் தொபி மிட்டாய் தந்துவிட்டு, என் உயிரை எடுத்தவன்.

நான் சோறு தின்னப் போன நேரத்தில், மெசினில் யாருடைய சொந்தச் சாமானும் இருக்கிறதா என்று அவன் மனேஜரிடம் கேட்டிருக்கிறான். பாருங்கோ, கேட்டிருக்கிறான். மனேஜர் நெஞ்சை நிமிர்த்தி, எங்கள் கந்தோரில் அப்படி ஒரு பழக்கமே இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் கை கழுவிவிட்டு வந்தபோது மெசின் புதுப்பெண் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தது. புது வின்டோஸ், புதுப் படம், புது மணிச்சத்தம். பழையதில் ஒரு தூசும் இல்லை. 'கிணறு' எங்கே என்று கேட்டேன். எந்தக் கிணறு என்றான். என் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது:

"அங்கிள், பயப்பிடாதேங்கோ. வைரஸ் எல்லாம் போயிட்டுது. மற்றதும் எல்லாம் போயிட்டுது."

என் பிள்ளை இல்லை என்று சொன்ன மெசின்

என்னிடம் டிஸ்கட் கட்டு இருக்கிறதுதானே என்று நான் பெரிதாகப் பதறவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்து, புது மெசினின் வாயில் கொடுத்தேன். கடகடவென்று மென்றது. பிறகு, இது தனக்குத் தெரிந்த பிரதி இல்லை என்று இங்கிலீசில் எழுதிக் காட்டியது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதையே எழுதியது. நிரோஷன் வந்து பார்த்தான். பழைய மூட்டைக்காரன் போய்விட்டானாம். புதிய வின்டோஸில் வேறொரு மூட்டைக்காரன் இருக்கிறானாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் பழையவன் கட்டின மூட்டையைப் புதியவன் அவிழ்க்கமாட்டானாம். ஒரே ஆட்கள் செய்த இரண்டு புரோகிராம், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காதாம். காணிச் சண்டை பிடித்த அண்ணன் தம்பி இவர்களிடம் தோற்றார்கள். பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டுத் தா என்றேன். அது வந்த டிஸ்கட்டுகளைக் கொழும்பில் போன வருஷமே கழித்து எறிந்துவிட்டார்களாம்.

என் மேசையில் என் மகளின் கலியாணம். என் கையிலே பூட்டு, என் தலைக்குள்ளே இரகசியச் சொல். அந்தச் சொல்லைக் கேட்பதற்குத்தான் உலகத்தில் ஆள் இல்லை. நான் இருந்த கதிரையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். கதிரை பனைமரத்துக்கு மேலால் போய் அடுத்த வளவு மாட்டின் முன்னால் விழுந்தது. மாடு அதில் ஏறி இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் அதைச் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் எம்பசியிலிருந்து நேர்முகத்துக்கு நாள் வந்தது. தைப்பொங்கல் கழிய வரச்சொல்லி. சுபாவிடம் நான் புரோகிராம், வின்டோஸ், மூட்டைக்காரன் என்று முழுக்க விளங்கப்படுத்தினேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பிள்ளை, மடித்த சட்டையைத் திரும்ப விரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்:

"அப்பா, எனக்குக் கலியாணம் நடந்ததோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

பட்டுப் போர்த்த பழசு

அன்றிலிருந்து நான் பழைய மெசின் தேடிப் புறப்பட்டேன். ஒருவரும் கை வைக்காத, ஒருவரும் புதுசாக்காத, ஒரு புத்திசாலியும் கிட்டப் போகாத மெசின். வன்னியில் அகப்பட்ட கொம்பியூட்டர்கள் எல்லாவற்றையும் எவனாவது ஒருவன் வந்து முன்னேற்றியிருந்தான். முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நான் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். கடைசியில், வற்றாப்பளையில் திலகவதி ரீச்சர் வீட்டில் ஒன்று இருப்பதாக அறிந்து சைக்கிளை மிதித்தேன்.

அவா முந்தி ரைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்த மனுசி. யாரோ ஒரு பழைய மாணவன் கொம்பியூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். கரண்ட் இல்லாததால் அதை ஓட்டுவதில்லை. ஆனால் பட்டுத் துண்டால் போர்த்து, மேலே சரஸ்வதி படம் வைத்து, தினமும் பூ வைத்து வந்தா. என்னைக் கால் கழுவச் சொன்னா. கழுவினேன். திருநீறு பூசச் சொன்னா. பூசினேன். நான் ஏதும் புதுசாகப் போடுவேனோ என்று கேட்டா. ரீச்சர், புதுசு என்ற சொல்லை என் வாயால் இனிச் சொல்லமாட்டேன் என்று அந்தப் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். அவாவுக்கு அது பிடித்துக்கொண்டது. பட்டுத் துண்டை மெல்ல உரித்துக்கொண்டே சொன்னா:

"இதைத் திருத்தித் தாறன் எண்டு ஒருத்தன் வந்தவன், அண்ணை. படலையோட அனுப்பிப்போட்டன். அதாலதான் இது இண்டைக்கும் உயிரோட நிக்குது."

நாலாம் கியரில்

மெசின் கிடைத்தது, அதற்கு உயிர் கொடுக்கக் கரண்ட் வேண்டுமே. கந்தோர் ஜெனரேற்றரைக் கேட்க, மனேஜர் சட்டம் கதைத்தார். மாரிமுத்துவிடம் சொன்னேன். எங்கேயோ அரிசி ஆலை ஒன்றிலிருந்து பழைய டைனமோ ஒன்றைக் கொண்டு வந்து, லாண்ட்மாஸ்ரரின் சில்லுப் பக்கத்தில் பெல்ட் போட்டு இணைத்து, ரீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தினார். அவர் கைப்பிடியை முறுக்கினால் கரண்ட் கூடும். விட்டால் குறையும். முதல் தடவை கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவிட்டார். திரை வீங்கி எழும்பி, ரீச்சரின் பூனை கூரைக்குப் போனது. அது இறங்கி வர மூன்றாம் கியர் வரை எடுத்தது. பிறகு நாலாம் கியரில் கரண்ட் நின்று நிதானித்தது. நான் உள்ளேயிருந்து கூட்டு, குறை என்று கத்துவேன். அவர் வெளியே உழுகிற மாதிரி நின்று கொண்டு முறுக்குவார்.

பழைய மூட்டைக்காரன் உள்ளே இருந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரகசியச் சொல்லைக் கேட்டான். கொடுத்தேன். என்னை அடையாளம் கண்டான். எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குக் கடைசி டிஸ்கட்டைத் தா என்றான். கொடுத்தேன். கர்ர் என்று ஒரு சத்தம். வாசிக்க முடியவில்லை என்றான். எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். கர்ர். டிஸ்கட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தகரக் கதவு இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே கறுப்புத் தகடு தெரியும். தள்ளிப் பார்த்தேன். கறுப்புத் தகட்டின் நடுவிலே, காய்ந்து வெடித்த சந்தனம். அதன் மேலே குங்குமம். வட்டமான, அழகான பொட்டு.

 நான் வாய் திறந்திருந்தால் அந்த வளவு முழுக்க எரிந்திருக்கும். மாரிமுத்து மெசினை நிறுத்திவிட்டு வந்து, என் தோளுக்கு மேலால் டிஸ்கட்டை எட்டிப் பார்த்தார்:

"பூசையில வச்சதுக்கு சாமான் கோவிச்சுக்காதுங்க, ஐயா. வைக்கக் கூடாத எடத்துல வச்சிட்டாங்க, அவ்வளவுதான்."

நெற்றி

சரஸ்வதி பூசைக்குப் புத்தகம், பேனை, அரிவாள், சைக்கிள் எல்லாவற்றையும் வைத்துச் சந்தனம் சாத்துவது எல்லா வீட்டிலும் நடப்பது. கந்தோர் ரைப்ரைற்றருக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். ஆனால் டிஸ்கட்டின் கதவைத் திறந்து உள்ளே பொட்டு வைத்த ஒரே வீடு, இந்த மூன்று உலகத்திலும் என் வீடுதான். சைக்கிளில் வந்த வழி முழுக்க நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். எதிரே வந்த மாடுகள் விலகி நின்றன.

என் மனைவி புவனம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். டிஸ்கட்டை முகத்துக்கு முன்னால் நீட்டி, கதவைத் தள்ளிக் காட்டி, இது யாருடைய வேலை என்று உறுமினேன். அவள் கையைத் துடைத்தாள். மற்ற டிஸ்கட் எல்லாவற்றுக்கும் மேலேயே வைத்தாளாம். இதன் கதவு மட்டும் தற்செயலாக ஒதுங்கினதாம். உள்ளே இருக்கிறது மகளின் கலியாணம் என்று நான்தான் சொல்லியிருந்தேனாம். நான் இன்னும் கத்தினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது, சொல்லுக்குச் சொல் இது:

"உள்ளுக்குக் கறுப்பாய் நெத்தி மாதிரித் தெரிஞ்சுது, வைச்சனான். என்ர பிள்ளையின்ர கலியாணத்தை நான் பாழ் நெத்தியாய் விடுறதோ?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கோ. 

மருந்து

தகட்டைக் கழுவினால் வாசிக்கலாம் என்று ஒரு யோசனை. தண்ணீர் ஆகாது, ஸ்பிரிட் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். புண்ணுக்கே இல்லாத ஸ்பிரிட்டை டிஸ்கட்டுக்குக் கேட்ட முதல் ஆள் நான் என்றார் மருந்து கொடுப்பவர், அதுவும் வெகு மரியாதையாக. அவரில் பிழையில்லை. பிழை முழுக்க அந்தத் தொபி தந்தவனில். பிறகு நான் ஒரு இடத்துக்குப் போய், ஒருவரிடம், ஒரு சின்னப் போத்தலில் ஒன்று வாங்கினேன். காட்டுக்குள் காய்ச்சுகிற சாராயம். இடத்தையும் ஆளையும் சொல்லமாட்டேன். அந்த நாளில் அதைக் காய்ச்சினவனுக்கு என்ன நடக்கும், வாங்கினவனுக்கு என்ன நடக்கும் என்று வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

டிஸ்கட்டின் பிளாஸ்டிக் கோதை உடைத்து, தகட்டைப் பால்குடிப் பிள்ளையைத் தூக்குவது போல் விளிம்பில் பிடித்து எடுத்து, அந்தச் சரக்கில் பஞ்சைத் தோய்த்துப் பொட்டை மெல்லக் கரைத்தேன். புவனம் பக்கத்தில் நின்று, நல்ல காரியத்தை இப்படியா அழிக்கிறது என்று முணுமுணுத்தாள். தகட்டை நிழலில் உலர்த்தி, வேறொரு வெற்று டிஸ்கட்டின் கோதுக்குள் வைத்து ஒட்டிக்கொண்டு வற்றாப்பளைக்குப் பறந்தேன். சுபாவும் பின்னால் வேறு சைக்கிளில் வந்தாள். 

மாரிமுத்து முறுக்கினார். மூட்டைக்காரன் கடைசி டிஸ்கட்டைக் கேட்டான். கொடுத்தேன். கர்ர் என்றது. பிறகு ஒரு சின்ன இருமல். பிறகு வாசித்தது. அடுத்ததைத் தா, அடுத்ததைத் தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மூட்டையை அவிழ்த்துப் போட்டது. முதல் படத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழாக, ஒரு வரி ஒரு வரியாக, முதலில் பந்தல், பிறகு மோகனின் தலைப்பாகை, பிறகு சுபாவின் நெற்றி. லாண்ட்மாஸ்ரர் அதிர்ந்ததில் இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுபா திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடப் போகிறது போல. ரீச்சர் கிட்ட வந்து, மூக்கைச் சுருக்கி, மெசினின் வாயருகே மோந்து பார்த்தா. என்னையும் பார்த்தா:

"அண்ணை, மெசின் நல்ல வெறியில நிக்குது போல. அதுதான் மறைக்காமல் எல்லாத்தையும் சொல்லுது."

அசல் எங்கே

அவிழ்த்த படங்களில் எம்பசிக்கு வேண்டியதைப் பூட்டில்லாமல் ஒரு வெற்று டிஸ்கட்டில் எழுதிக்கொண்டேன். அதைக் கடுதாசியில் எடுக்க வவுனியாவுக்குப் போகவேண்டும். சோதனைச் சாவடியில் டிஸ்கட்டைத் தனி ஆள் கொண்டு போக விடமாட்டார்கள். கந்தோர் வாகனத்துக்கு மட்டும் அனுமதி. மனேஜரிடம் போனேன். சட்டம் கதைக்கத்தான் போகிறார் என்று, பேசுவதற்கு நாலு கெட்ட சொல்லையும் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். மனுசன் டிஸ்கட்டை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தானே கொண்டு போய்க் கடுதாசியில் எடுப்பிக்கிறேன் என்றார். அந்த நாலு சொல்லும் இன்றைக்கும் எனக்குள்ளேயே கிடந்து புளிக்கின்றன.

பொங்கல் கழிய, நானும் சுபாவும் பாஸ் எடுத்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. துரை படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மிகத் தெளிவாக இருக்கிறதே என்றார். எனக்குப் பெருமை. பிறகு, இவ்வளவு தெளிவான படம் அந்தப் பக்கத்திலிருந்து வருவதில்லையே என்றார். இதற்கு நெகற்றிவ் எங்கே, அசலைக் காட்டுங்கள் என்றார். நான் எழும்பிவிட்டேன். ஐயா, இந்தக் கமராவுக்கு நெகற்றிவ் கிடையாது, இது டிஸ்கட் தின்னுகிற கமரா என்று தொடங்கி, கிணறு, வைரஸ், தொபி, மூட்டைக்காரன், சரஸ்வதி, லாண்ட்மாஸ்ரர் என்று என் ஆத்திரம் முழுவதையும் அந்தக் கண்ணாடியில் கொட்டினேன். லாண்ட்மாஸ்ரர் வந்ததும் மொழிபெயர்க்கிற பிள்ளை மொழிபெயர்ப்பைக் கைவிட்டுவிட்டது. துரை, இது எல்லாம் கட்டுக்கதை என்று முகத்தாலேயே சொன்னார். வாழ்நாளில் முதன்முதலாக நான் ஒரு பொய்யும் கலக்காமல் கதை சொன்ன இடம் அது.

சுபா என் சட்டையைப் பிடித்து இருத்தினாள்.  எழும்பி, கண்ணாடிக்குக் கிட்டப் போய், சத்தத்தைக் கூட்டாமல், மொழிபெயர்க்கிற பிள்ளையைப் பார்த்தே சொன்னாள். அந்தப் பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் துரையிடம் சொன்னபோது, துரை சிரிக்கவில்லை. படங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கி, முத்திரைக் கட்டையைக் கிட்ட இழுத்தார். சுபா சொன்னது இவ்வளவுதான்:

"அசல் ரெண்டு. ஒண்டு உங்களுக்கு முன்னால நிக்குது, மற்றது ஜேர்மனியில காத்துக்கொண்டு நிக்குது. ரெண்டையும் ஒரு இடத்தில வைச்சுப் பாருங்கோ, சரியாத் தெரியும்."

ஆகவே என்னோடு சேர்ந்து வயிறெரிந்தவர்களே, மெசினைப் புதுசாக்க வருகிறவனுக்கு முதலில் ஒரு தொபியைக் கொடுத்து வெளியே இருத்திவிட்டு உங்கள் பழசைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கோ என்பதுதான் இவ்வளவு கோபத்திலும் நான் கற்றது, ஆனால் பழசு என்றது தன்னையோ, இதை ஆர் சொன்னது என்று புவனம் வந்து கேட்டால் என் பெயரை மட்டும் வாய் தவறியும் விட்டுப்போடாதேங்கோ.